ஹாங்காங் செவன்ஸ்: தோத்த டீமுக்கும் மறுநாள் ஒரு மேட்ச்

31 மார்ச் 2025, காலை. பாலக்கோட்டுத் தம்பி கேட்டது

நேத்து மத்தியானம் போன்ல ஹாங்காங் செவன்ஸ் ஃபைனல் மாட்டுச்சு, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ரக்பி. டீ ஆறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிருச்சு. பார்க்க வந்தவங்க பாதிப் பேர் வாழைப்பழ வேஷம், போலீஸ் வேஷம், கையில பீர். இது ஒலிம்பிக்ல இருக்கு. கபடியும் ஏழு பேர் ஆட்டம்தான், அது இன்னும் வாசல்லயே நிக்குது. பேங்க்ல வேலை பாக்குற வெள்ளைக்காரங்க வருஷத்துக்கு ஒருவாட்டி குடிச்சு ஆடுறதுக்கு வெச்ச திருவிழா இது, வரலாறுன்னு தனியா ஒண்ணும் கிடையாதுங்குறது என் கட்சி. காவேரிப்பட்டணத்து அண்ணன் அங்க இருந்தவரு, மறுப்பாருன்னா மறுக்கட்டும்.

31 மார்ச், இரவு

தம்பி, குடிங்குறதை மறுக்க மாட்டேன். கிரானைட் கம்பெனி வேலையா ஹாங்காங்ல இருந்த காலத்துல ஸ்டேடியத்துல வேஷக்காரங்க கூடுற சவுத் ஸ்டாண்டை நேர்ல பார்த்தவன் நான். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள விட மாட்டாங்க. விடியறதுக்கு முன்னாடியே வேஷம் கட்டிக்கிட்டு வரிசையில நிப்பாங்க. எங்க ஆபீஸ்ல கணக்கு பார்த்த அம்மா, வருஷம் முழுக்க யார்கிட்டயும் சத்தமாப் பேசாதவங்க, அன்னைக்குக் கோழி வேஷத்துல நின்னாங்க. திங்கக்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து இன்வாய்ஸ் கேட்டாங்க.

ஆனா ஆட்டத்தைப் பாரு. மைதானம் பதினஞ்சு பேர் ஆடுற அதே ரக்பி மைதானம், கோல் கோட்டுக்குக் கோல் கோடு 100 மீட்டர், அகலம் 70. அதுல பக்கத்துக்கு ஏழு பேர்தான். பாதிக்கு 7 நிமிஷம், நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. பந்தோட ஓடி வர்றவனைப் பிடிச்சுச் சாய்க்கிற டேக்கிளை ஒருத்தன் தவறவிட்டா அவன் பின்னாடி முழுக்க வெறும் புல்தான். நேத்து ஃபைனல்ல அர்ஜென்டினா 12, பிரான்ஸ் 7. அவ்வளவு இடம் திறந்து கிடக்குற ஆட்டத்துல இந்த ஸ்கோர் வந்திருக்குன்னா ரெண்டு பக்கமும் எப்படி அடைச்சிருக்காங்கன்னு யோசி.

வரலாறு நாளைக்கு. காலையில குவாரிக்குப் போகணும்.

1 ஏப்ரல்

1975. ஏ.டி.சி. ஸ்மித், 'டோக்கி'ன்னு கூப்பிடுவாங்க, ஹாங்காங் ரக்பி சங்கத் தலைவர். அவரும் ராத்மன்ஸ் சிகரெட் கம்பெனியில விளம்பரம் பார்த்த இயன் கோவும் ஒரு சாப்பாட்டுக்கு முன்னாடி கிளாஸும் கையுமா உக்காந்து பேசுனதுதான் ஆரம்பம். (குடின்னு சொன்னியே தம்பி, கருவே அங்கதான் உருவாச்சு.) முதல்ல பெரிய நாடுகளைக் கூப்பிட்டு பெரிய ரக்பிப் போட்டி வைக்கலாம்னுதான் பேச்சு. பதினஞ்சு பேர் டீமை உலகம் முழுக்க இருந்து கொண்டுவந்து தங்க வெக்கிறதுன்னா கஜானா காலி. ஏழு பேர் டீம்னா செலவு பாதிக்கும் கீழ. சிகரெட் கம்பெனியும் கேத்தே பசிபிக் விமானக் கம்பெனியும் காசு போட்டாங்க.

28 மார்ச் 1976, ஹேப்பி வேலியில ஃபுட்பால் கிளப் மைதானம். 12 டீம், ஒரே நாள். வந்தவங்க பேரைக் கவனிங்க: இந்தோனேசியா, தென்கொரியா, ஜப்பான், மலேசியா, இலங்கை, டோங்கா, ஃபிஜி. பெரிய நாடுன்னா நியூசிலாந்துல இருந்து கேன்டபிரியன்ஸ், ஆஸ்திரேலியாவுல இருந்து வல்லாரூஸ், அதுவும் நாட்டு டீம் இல்ல. ஃபைனல்ல கேன்டபிரியன்ஸ் 24–8ன்னு வல்லாரூஸை அடிச்சாங்க. அப்ப ஒரு ட்ரைக்கு (எதிராளி கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வெக்கிறது) 4 பாயிண்ட்தான், 5 ஆனது 1992ல.

அடுத்த வருஷமே ஃபிஜி ஜெயிச்சுது. 1982ல கூட்டம் தாங்காம சோ கோன் போ பக்கத்துல அரசாங்க ஸ்டேடியத்துக்கு மாத்துனாங்க. அதையே 1994ல இடிச்சுக் கட்டி 40,000 பேர் உக்கார்ற மாதிரி ஆக்குனாங்க. நான் பார்த்தது அதுலதான். இந்த வருஷம் அதையும் விட்டுட்டு கை டாக்ல கட்டுன புது ஸ்டேடியம். கை டாக் பழைய விமான நிலையம், 1998 வரைக்கும் கட்டட மொட்டை மாடிகளை உரசுற மாதிரி பிளேன் இறங்குன இடம். அங்க இப்ப மூடித் திறக்குற கூரையோட 50,000 சீட்டு.

1 ஏப்ரல், படுக்கப் போறதுக்கு முன்னாடி

ஓசூர் நண்பர் "உலகத்தோட முதல் சர்வதேச செவன்ஸ் ஹாங்காங்தானே"ன்னு கேட்டிருக்கார். இல்லீங்க. 1973ல ஸ்காட்லாந்து ரக்பி சங்கத்துக்கு நூறு வருஷம் ஆனப்ப எடின்பரோ மர்ரேஃபீல்டுல ஒண்ணு நடந்திருக்கு. இங்கிலாந்து 22–18ன்னு அயர்லாந்தை ஜெயிச்சுது. ஒருதடவை நடத்துனாங்க, அதோட சரி.

செவன்ஸ் ஆட்டமே ஸ்காட்லாந்து சரக்குதான். 1883ல மெல்ரோஸ்ங்குற சின்ன ஊர்ல கிளப்புல காசு இல்ல. நெட் ஹெய்க்னு ஒரு கறிக்கடைக்காரர், பதினஞ்சு பேர் ஆட்டம் ஒரே மத்தியானத்துல நாலஞ்சு நடத்த முடியாது, ஏழு பேரா வெட்டிடுவோம்னு யோசனை சொன்னாராம். வெட்டுறது அவர் தொழிலாச்சே.

3 ஏப்ரல்

இதை எழுதத்தான் ரெண்டு நாளா நேரம் தேடினேன். தம்பியோட கட்சிக்கு என் பதில் இதுதான்.

எங்க பக்கம் கபடி டோர்னமெண்ட் எப்படி நடக்கும்? விழாக்குழு ஃபிளெக்ஸ் அடிக்கும், மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி, முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை உபயம் இன்னார். அரூர், ஊத்தங்கரை, பர்கூர், தேன்கனிக்கோட்டைன்னு டீம் டாடா ஏஸ்ல ஏறி வரும். சீட்டு எடுப்பாங்க. நாக் அவுட். 32 டீம் வந்தா 16 டீமுக்கு ஒரே மேட்ச். ராத்திரி பதினோரு மணிக்கு ஜெர்ஸி மாட்டி, பதினொண்ணே முக்காலுக்குக் கழட்டி, வண்டி வாடகை கொடுத்துட்டு ஊருக்குத் திரும்பணும். அதுவும் முதல் சீட்டுலயே போன வருஷம் கப் அடிச்ச டீம் மாட்டுச்சுன்னா அவ்வளவுதான். நான் காலேஜ் படிக்கிறப்ப அப்படிப் போய்த் திரும்புன வண்டியில உக்காந்திருக்கேன். யாரும் யார்கூடவும் பேச மாட்டோம். காரிமங்கலத்துல டீ குடிக்க நிறுத்துனாகூட பாதிப் பேர் இறங்க மாட்டாங்க.

ஹாங்காங்ல நான் பார்த்தது வேற. சனிக்கிழமை காலையில ஒரு சின்ன ஆசிய நாட்டு டீம் நியூசிலாந்துகிட்ட மாட்டுச்சு. ஏழு நிமிஷத்துல கதை முடிஞ்சுது, மீதி ஏழு நிமிஷம் வெறும் கணக்கு. அந்தப் பசங்க வெளிய போனப்ப முகத்தைப் பார்க்க முடியல. ஞாயித்துக்கிழமை அதே பசங்க திரும்ப வந்தாங்க. கப்ல இருந்து விழுந்தவங்களுக்கு பிளேட், அதுக்கும் கீழ பவுல்னு தனித்தனிக் கோப்பை, தனி ஃபைனல். பவுல்ல அவங்களுக்குச் சமமான டீம் கூட ஆட்டம். கடைசி நிமிஷத்துல மூலையில ஒருத்தன் பாய்ஞ்சு ட்ரை போட்டான். கோழி வேஷம், வாழைப்பழ வேஷம் எல்லாம் எழுந்து நின்னு கத்துச்சு. அந்த நாட்டை வரைபடத்துல காட்டச் சொன்னா அதுல பாதிப் பேர் முழிப்பாங்க, ஆனா கத்துனாங்க. அன்னைக்குக் கப் யாரு வாங்குனாங்கன்னு எனக்கு யோசிச்சாதான் வரும். அந்த மூலை ட்ரை அப்படியே நிக்குது.

பேங்க் காசும் வேணும், வேஷமும் வேணும். ஆனா ஒரு போட்டி அம்பது வருஷம் ஓடணும்னா தோக்குறவங்களும் அடுத்த வருஷம் வரணும். ஒருநாள் அடி வாங்கவே ஆயிரக்கணக்கான மைல் பிளேன் ஏறி வருவாங்களா? தோத்தவனுக்கு மறுநாள் ஒரு மேட்ச் இருந்துச்சு, அதுவும் ஜெயிக்க வாய்ப்பிருக்குற மேட்ச். இதுதான் இந்த டோர்னமெண்டோட வரலாறுன்னு நான் சொல்லுவேன்.

4 ஏப்ரல்

"ரக்பிக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டவருக்கு: 1870கள்ல கல்கத்தாவுல ரக்பி கிளப் இருந்துச்சு. சில வருஷத்துல ஆள் குறைஞ்சு கலைச்சப்ப பேங்க்ல மிச்சமிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயா எடுத்து, உருக்கி, நாகப்பாம்பு கைப்பிடியும் மூடி மேல யானையுமா ஒரு கோப்பை செஞ்சு லண்டனுக்கு அனுப்பிட்டாங்க. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னைக்கும் அந்தக் கல்கத்தா கப்புக்குத்தான் அடிச்சுக்குறாங்க. கிளப்பைக் கலைச்சா மிச்சக் காசு எங்க போகும்னு நம்ம ஊர்ல யாரும் கேக்காதீங்க.

6 ஏப்ரல்

ஃபிஜி பத்தித் தனியா எழுதச் சொல்லி மூணு பேர். சரி.

2011 கணக்குப்படி தர்மபுரி மாவட்ட ஜனத்தொகை 15 லட்சம். கிருஷ்ணகிரி 18 லட்சத்துக்கு மேல. மொத்த ஃபிஜி நாடும் சேர்த்து 9 லட்சம் சொச்சம். அவங்க ஹாங்காங்ல 2015ல இருந்து 2019 வரைக்கும் அஞ்சு வருஷம் விடாம கப் அடிச்சாங்க. 1997ல செவன்ஸ் உலகக் கோப்பை ஹாங்காங்ல நடந்தப்ப ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவை 24–21. அந்த டீம்ல வைசாலே செரெவி. அவரை நான் பழைய வீடியோவுலதான் பார்த்திருக்கேன். பந்தை ஒரு கையில வெச்சு நீட்டுவார், எதிராளி அந்தக் கையைப் பார்த்துக்கிட்டு இருக்குறப்பவே ஆள் இந்தப் பக்கம் போயிருப்பார். நம்ம ஊர்ல நல்ல ரெய்டர் காலை நீட்டி இடுப்பால ஏமாத்துவானே, அதே திருட்டுத்தனம்.

2016 ரியோ ஒலிம்பிக் ஃபைனல்ல ஃபிஜி 43, பிரிட்டன் 7. அந்த நாட்டுக்கு அதுதான் வாழ்நாள்ல முதல் ஒலிம்பிக் மெடல், அதுவும் தங்கம். அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கி ஏழு டாலர் நோட்டே அடிச்சுது. கேலிக்குச் சொல்லல, நிஜமாவே செல்லுபடியாகுற நோட்டு. கேப்டன் ஒசியா கோலினிசாவ் பந்தோட நிப்பார். டோக்கியோவுலயும் தங்கம், நியூசிலாந்தை 27–12. பாரீஸ்லதான் விட்டாங்க, நட்சத்திர ஆட்டக்காரர் டுபோன் இருந்த பிரான்ஸ் 28–7ன்னு ஜெயிச்சுது.

நடுவுல ஒரு விஷயம், விட மனசில்ல. 1903ல இருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியா ஃபிஜி கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா நம்ம ஜனம் கப்பல் ஏறியிருக்கு. நாடியில பெரிய முருகன் கோயில் இருக்கு. ஆனா அங்க ரக்பி பெரும்பாலும் பூர்வகுடிகள் ஆட்டம், இந்திய வம்சாவளிக்காரங்க ஃபுட்பால் பக்கம். ஹாங்காங்ல எனக்குப் பக்கத்து சீட்டுல ஃபிஜிக் கொடி போர்த்திக்கிட்டு உக்காந்திருந்த ஒருத்தர் பேர் முனுசாமி மாதிரி ஏதோ ஒண்ணு. தமிழ் தெரியாது. நான் கிருஷ்ணகிரின்னு சொன்னதும் அது மெட்ராஸ் பக்கமான்னு இங்கிலீஷ்ல கேட்டார். ஆமான்னேன். அதுக்குள்ள ஃபிஜி ட்ரை போட்டுருச்சு, பேச்சு நின்னுபோச்சு.

7 ஏப்ரல்

ஊத்தங்கரைத் தங்கச்சி, பெண்கள் போட்டியைப் பத்தி ஒரு வரிகூட எழுதலைன்னு சண்டைக்கு வந்திருக்கு. நியாயம்தான்மா. ஹாங்காங்ல 1997லயே பெண்கள் செவன்ஸ் நடந்திருக்கு, உலக அளவுல பெண்களுக்கு அது ஆரம்பகாலப் போட்டி. ஆனா பெண்களோட உலகத் தொடர் ஹாங்காங்குக்கு வந்தது 2023லதான். அத்தனை வருஷம் ஆச்சு. ஒலிம்பிக்ல மட்டும் 2016 முதல் வருஷமே ஆண், பெண் ரெண்டும் சேர்ந்தேதான் நுழைஞ்சுது. ரக்பியைச் சேர்க்கலாமான்னு 2009ல கோபன்ஹேகன்ல ஒலிம்பிக் கமிட்டி ஓட்டுப் போட்டப்ப ஆதரவு 81, எதிர்ப்பு 8. பெண்கள் ஆட்டமும் கையோட இருந்தது அந்த ஓட்டுக்கு ரொம்ப உதவுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். பாயசம் சாப்பிட்டுட்டு மேல எழுதுனதை எல்லாம் ஒருவாட்டி படிச்சேன். மூணாம் தேதி எழுதுனது உண்மை, ஆனா நான் அங்க இருந்த காலத்து உண்மை.

1976ல 12 டீம். அப்புறம் 24 வரைக்கும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. இந்த வருஷம் ஆண்கள்ல எத்தனை? திரும்ப 12. ஆனா எந்த 12? அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஃபிஜி, பிரான்ஸ், அயர்லாந்து, கென்யா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின், உருகுவே, அமெரிக்கா. ஆசியாவுல நடக்குற போட்டியில ஆசிய டீம் ஒண்ணுகூட இல்ல. போட்டி நடத்துற ஹாங்காங்கே மெயின் டிராவுல இல்ல, உள்ளூர்க்காரங்களுக்குப் பக்கத்துல தனியா ஒரு சின்னப் போட்டி வெச்சுட்டாங்க. இந்தோனேசியாவும் இலங்கையும் வந்து தொடக்கி வெச்ச இடத்துல!

1999ல உலகத் தொடர்னு ஒண்ணு ஆரம்பிச்சு, அதுல ஹாங்காங் ஒரு ஸ்டேஷன் ஆச்சு. தொடருக்கு ரேங்க் வேணும், டிவிக்கு நெருக்கமான மேட்ச் வேணும், ஒலிம்பிக்குக்குத் தகுதி கணக்கு வேணும். 50 பாயிண்ட் வித்தியாசத்துல முடியுற மேட்சை யாரு காட்டுவா? அவங்க பக்கத்து நியாயம் எனக்குப் புரியுது. ஆனா பவுல் போச்சு. மூலை ட்ரைக்காரப் பையன் இப்ப ஹாங்காங் வரணும்னா டிக்கெட் வாங்கித்தான் வரணும்.

தம்பி இதைப் பார்த்துட்டு "பார்த்தீங்களா ணா, நான் சொன்னதுதானே"ன்னு ஆரம்பிக்க வேண்டாம். நீ வரலாறே இல்லைன்ன. நான் வரலாறு இருக்கு, இப்ப அதை மேல இருந்து சுரண்டுறாங்கன்னு சொல்றேன். ரெண்டும் வேற.

15 ஏப்ரல்

கபடி ஏன் வாசல்ல நிக்குதுன்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்துலயே அமராவதிக்காரங்க போய் ஆடிக் காட்டியிருக்காங்க. 1990ல இருந்து ஆசியப் போட்டியில இருக்கு. 2018 ஜகார்த்தாவுல ஈரான் ஆண்கள் செமிஃபைனல்ல நம்மள 27–18ன்னு அடிச்சப்ப இங்க ஒப்பாரி வெச்சோம், பெண்கள் ஃபைனலும் ஈரானுக்கே போச்சு. எனக்கு அன்னைக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். நாமளே ஜெயிச்சுக்கிட்டு இருந்தா எந்த நாட்டுக்காரன் வந்து ஆடுவான்? இதை எங்க ஊர் டீக்கடையில சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

27 ஏப்ரல்

எங்க ஊர் மாரியம்மன் திருவிழா டோர்னமெண்டுக்கு விழாக்குழு கூட்டம். சும்மா இருக்க முடியுமா, பிளேட் யோசனையை எடுத்து விட்டேன். முதல் ரவுண்டுல தோக்குற 16 டீமுக்குத் தனிக் கப். கணக்கு பார்க்குற மாமா உடனே விரல் மடக்குனார்: "16 டீம்னா இன்னும் 15 மேட்ச். ஒரு மேட்ச் இடைவேளையோட முக்கால் மணி நேரம்னா பதினோரு மணி நேரத்துக்கு மேல ஆகும்டா. ஜெனரேட்டர் டீசல் உங்கப்பன் போடுவாரா?"

அவர் சொன்னதுலதான் எனக்கு செவன்ஸோட சூட்சுமமே பிடிபட்டுச்சு. தோத்தவனுக்கு இன்னொரு மேட்ச் கொடுக்குறது பெரிய மனசு இல்ல, நேரக் கணக்கு. பதினஞ்சு பேர் ரக்பி 80 நிமிஷம், ஆடுன உடம்பு தேற ஒரு வாரம் வேணும். செவன்ஸ் 14 நிமிஷம், ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்ப ஆடலாம், மைதானம் இருபது நிமிஷத்துக்கு ஒருவாட்டி காலி. அதனாலதான் பிளேட்டும் பவுலும் அங்க முளைக்க முடிஞ்சுது. மாமாகிட்ட, ரெண்டாவது கப்புக்கு மட்டும் பாதிக்கு 7 நிமிஷம் வெப்போம்னு சொன்னேன். "ஏழா? அது கபடியா, கண்ணாமூச்சியா?" அப்படின்னார். ஆனா முடியாதுன்னு சொல்லல.

12 மே

நடத்தியாச்சு. உள்ளதைச் சொல்லிடறேன்.

தோத்த டீம்ல பாதிக்கும் மேல நிக்கல. வண்டி வாடகை ஒரு ராத்திரிக்குப் பேசி வந்தவங்க, டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார். சில பேருக்கு மாந்தோப்புல காலையில காய் பறிக்கிற வேலை, சீசன் இது. நின்ன டீம்கள் ஆடுச்சு. ஏழு நிமிஷம்ங்கிறதால நிதானமா பாட்டு பாடி நேரம் ஓட்டுறதுக்கு வழியில்ல, ஒவ்வொரு ரெய்டும் பாயிண்ட்டுக்குத்தான். அம்பயர் ரெண்டு பேரும் கோவப்பட்டாங்க, விசில் ஊதியே வாய் வலிக்குதாம். விடியற்காலை மூணு மணிக்கு மெயின் கப் செமிஃபைனலை விட இந்த ரெண்டாவது கப் ஃபைனலுக்குக் கயித்தைச் சுத்திக் கூட்டம் அதிகம். பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்துப் பசங்க ஜெயிச்சாங்க. கப் சின்னதுதான், எவர்சில்வர் கடையில கடைசி நேரத்துல வாங்குனது.

மாமா இப்ப பொங்கலுக்கும் வெக்கலாம்ங்குறார். வண்டி வாடகையில ஒரு பங்கு விழாக்குழு போட்டாதான் டீம் நிக்கும்னு நான் சொல்லியிருக்கேன். அங்கதான் பேச்சு முட்டிக்கிட்டு நிக்குது. ஹாங்காங்குக்குக் கேத்தே பசிபிக் கிடைச்சுது, எங்களுக்கு ஒரு டிராவல்ஸ்காரர் கிடைச்சாப் போதும்.

30 ஜூன்

மும்பையில ரக்பி பிரீமியர் லீக்னு முதல் தடவை செவன்ஸ் நடந்துச்சு, நேத்து ஃபைனல். சென்னை புல்ஸ் 41, டெல்லி ரெட்ஸ் 0. தம்பி நேத்து நைட் பதினொரு மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டிருக்கான், "ணா, நம்ம டீம் ணா!" மார்ச் மாசம் குடிகாரன் திருவிழான்னு எழுதுன அதே விரல்தான். டீம் பேர் சென்னைன்னாலும் ஆடுனவங்கள்ல வெளிநாட்டுக்காரங்க நிறைய. தமிழ்நாட்டுப் பசங்க உள்ள வர இன்னும் காலம் இருக்கு.

2 ஜூலை

தம்பியோட சந்தேகம்: ட்ரை போட்ட டீமே திரும்பக் கிக் பண்ணுதே, தப்பில்லையான்னு. தப்பில்ல. பதினஞ்சு பேர் ஆட்டத்துல பாயிண்ட் விட்டவங்க கிக் பண்ணுவாங்க. செவன்ஸ்ல எடுத்தவங்கதான் பண்ணணும், பந்து எதிராளிக்கு ஆட வரும். இல்லைன்னா 14 நிமிஷமும் ஒரே டீம் கையில பந்து இருந்துடும். ட்ரைக்கு அப்புறம் கூடுதல் பாயிண்ட்டுக்கு உதைக்கிற கன்வர்ஷனும் தரையில வெச்சு உதைக்கக் கூடாது, கையில இருந்து விட்டுத் தரையில பட்ட கணத்துல உதைக்கிற டிராப் கிக்தான். மஞ்சள் அட்டை வாங்குனா 2 நிமிஷம் வெளிய. ரெண்டு நிமிஷம்தானேன்னு நினைக்காத, ஆறு பேர் 70 மீட்டர் அகலத்தை அடைக்கணும்.

அடுத்த சந்தேகத்தை வாரக் கடைசியில கேளு, கன்டெய்னர் லோடிங் இருக்கு.